இன்ஸ்பெக்டர் வீட்டு அடைப்பு

செத்தாலும் நெஞ்சைத் திறக்க விடுவதில்லை என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டியது, இதய டாக்டரின் அறையிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள். அந்த வாக்கியத்தில் ‘செத்தாலும்’ என்ற சொல்லில் இருந்த சிக்கல் அப்போது அவருக்குப் படவில்லை.

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரில் இருக்கும் மாடிக் கட்டடங்களுக்கெல்லாம் போய், லிஃப்டின் கம்பிக் கயிறு, பிரேக், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்ப்பார். கயிற்றில் இழை விட்டிருந்தால் அங்கேயே சீல். கட்டடக்காரர்கள் கையைப் பிசைவார்கள். “இந்த ஒரு மாசம் மட்டும் ஓடட்டும் சார்” என்பார்கள். “கயிறு காலண்டர் பார்க்காதுய்யா” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அந்த விஷயத்தில் அவர் ஈவு இரக்கம் இல்லாதவர்.

அந்தக் கண்டிப்பால்தான் வினையும் வந்தது. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்டை அவர் பூட்டி சீல் வைத்திருந்தார். பழுது பார்த்தாகிவிட்டது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். மோட்டார் அறை மொட்டை மாடியில். லிஃப்டில் போகலாம் என்றால் அது பூட்டியிருக்கிறது. பூட்டியவர் இவர். படியேறினார். நாலாவது மாடியில் நெஞ்சின் மேல் யாரோ ஒரு இரும்புப் பாளத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இடது கை மரத்தது. காவல்காரர் நாற்காலி கொண்டு வந்து போட்டுவிட்டு, “லிஃப்டுல வந்திருக்கலாமே சார்...” என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் எல்லாம் ரகசியமாக நடந்தது. வேலை விஷயமாக வெளியூர் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஆபீஸ் நண்பர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு இதயத்தைப் படம் எடுத்துக்கொண்டார். மணிக்கட்டில் கட்டு ஏன் என்று மனைவி கேட்டதற்கு, “கம்பி உரசிடுச்சு” என்றார். ஒரு விதத்தில் உண்மைதான்.

இதய டாக்டர் படத்தைப் போட்டுக் காட்டினார். “மூணு பாதையிலயும் அடைப்பு. அதுல ஒண்ணு இடப்பக்க மெயின் குழாயோட வாயிலேயே உட்கார்ந்திருக்கு. உங்களுக்கு ஸ்டென்ட் சரிப்படாது. பைபாஸ்தான். தள்ளிப்போடாதீங்க.”

“வீட்ல கேட்டுச் சொல்றேன் டாக்டர்.”

கல்யாணமான ஆண்கள் காலம் காலமாகச் சொல்லிவரும் வாக்கியம் இது. சோபா விற்க வந்தவரிடமும் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கச் சொன்னவர்களிடமும் இன்ஸ்பெக்டர் இதையேதான் சொல்லியிருக்கிறார். ‘மாட்டேன்’ என்பதற்கு மரியாதையான வார்த்தை அது. எந்த அகராதியிலும் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும். டாக்டருக்கு மட்டும் தெரியவில்லை. மனிதர் நிஜமாகவே வீட்டில் கேட்பார் என்று நம்பிவிட்டார்.

மாட்டேன் என்பதற்கு இன்ஸ்பெக்டரிடம் ஒரு காரணம் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் அவருடைய அண்ணன் இதே ஆபரேஷனுக்கு உள்ளே போனார். “வரேன்டா” என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போனார். வரவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு பெஞ்சு. அதில் இவரும் அண்ணியும். கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தபோது, அவர் வாயைத் திறக்கும் முன்பே அண்ணி இவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி இன்றைக்கும் இவர் கையில் இருக்கிறது.

ஆகவே வீட்டில் சொல்வதில்லை. மாத்திரை, நடை, உப்பைக் குறைப்பது. இதிலேயே ஓட்டிவிடலாம். நாக்குக்கு அடியில் வைக்கும் குட்டி மாத்திரைகளை டார்ச்சில் பேட்டரி போடும் இடத்தில் ஒளித்து வைத்தார். டார்ச் எரியாமல் போனது வேறு விஷயம்.

வீட்டுக்காரி ஜன்னல் திரை தைப்பவள். முன்னறைதான் அவளுடைய கடை. பெரிய மேசை, அதன் மேல் மடித்த துணிகள், சுவரோரம் தையல் மிஷின். பெரிய கத்தரியைத் துணிக்குள் விட்டு அவள் ஒரே ஓட்டமாக ஓட்டும்போது வரும் சத்தம்தான் அந்த வீட்டின் சத்தம். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவாள். அப்போது அவள் பேச்சு குறைவாக இருக்கும், ஆனால் குத்தும்.

“என்னங்க, ஏன் வாசல்லயே நின்னுட்டீங்க?”

“காத்து வாங்கறேன்.”

“வெளியில இருந்துதானே வர்றீங்க? அங்க காத்து இல்லயா?”

“அது ரோட்டுக் காத்து. இது வீட்டுக் காத்து.”

“மூஞ்சி ஏன் வெளுத்துக் கிடக்கு?”

“வாயு.”

“வாயுவா? நேத்து வெயில்னீங்க. முந்தாநாள் செருப்பு கடிக்குதுன்னீங்க. செருப்பு கடிச்சா நெஞ்சையா தேய்ப்பாங்க?”

இன்ஸ்பெக்டர் நெஞ்சிலிருந்த கையை எடுத்துப் பையில் விட்டுக்கொண்டார். அவள் ஒரு குண்டூசியை வாயிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று அவர் நினைத்தார். அவள் கேள்வியை நிறுத்துகிறாள் என்றால் அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று பொருள். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அவர் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மிஷின் ஓடவில்லை. கத்தரி மேசையில் கிடந்தது. வீட்டுக்காரி நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் சும்மா உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை.

“உட்காருங்க. ஒண்ணு சொல்லணும்.”

உட்கார்ந்தார்.

“ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. மூணு அடைப்பாம். பைபாஸ் பண்ணணுமாம்.”

மாட்டிக்கொண்டோம். யார் சொன்னது? ஆபீஸ் நண்பனா? டார்ச்சைத் திறந்து பார்த்துவிட்டாளா? என்ன பொய் சொல்லலாம் என்று அவர் மனதுக்குள் துழாவிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்:

“எனக்கு பயமா இருக்குங்க. ஆபரேஷன் எல்லாம் வேணாம்னு தோணுது. இதை எப்படி உங்ககிட்ட சொல்றதுன்னே தெரியல.”

அவள் குரல் நிஜமாகவே உடைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலில் இன்ஸ்பெக்டருக்கு வந்தது நிம்மதி. நம்மைப் பற்றி இல்லை. வாயு இன்னும் வாயுவாகவே இருக்கிறது. அடுத்த கணம்தான் மற்றது உறைத்தது. அப்படியென்றால் இவளுக்கா? போன மாதம் திரை மாட்ட ஏணியில் ஏறியவள் பாதியில் நின்று மூச்சு வாங்கினாளே. அன்றைக்கு ஒருநாள் துணிக்கட்டைத் தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாளே. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்த மனிதன், வீட்டில் இருப்பவளைப் பார்க்கவில்லையே. தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

“எப்ப... எப்பலருந்து?”

“எப்பலருந்துன்னு யாருக்குத் தெரியும்? சொன்னாத்தானே தெரியும்?”

“ஏன் சொல்லல?” என்று கேட்டவர், அந்தக் கேள்வி தன் காதிலேயே விழுந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சரி, விடு. ஆபரேஷன் பண்ணிக்கலாம்.”

“வேணாங்க. நெஞ்செலும்பை ரம்பத்தால அறுப்பாங்களாம்.”

“அறுத்தா என்ன? கம்பி போட்டு இறுக்கித் தைச்சிடுவாங்க. நீ பார்க்காத தையலா?”

“துணிக்கு உயிர் கிடையாதுங்க.”

“அதனாலதான் துணியை நீ தைக்கற, இதை டாக்டர் தைக்கறாரு.”

“கொஞ்ச நாள் மாத்திரையில ஓட்டிப் பார்த்தா என்ன? உப்பைக் குறைச்சு, நடந்து கிடந்து...”

“மாத்திரையா? கயித்துல இழை விட்டிருக்கு, எண்ணெய் போட்டுக்கலாமாங்கற கதையா இருக்கே! ஒரு நாள்கூட தள்ளிப்போடக் கூடாதும்மா. தெரிஞ்சுக்கிட்டே தள்ளிப்போடறவன் முட்டாள்.”

“முட்டாளா?”

“வடிகட்டின முட்டாள்.”

வீட்டுக்காரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் ஈரமாகத்தான் இருந்தது.

“சுலபமா சொல்றீங்க. இதே உங்களுக்கு வந்திருந்தா?”

“எனக்கு வந்திருந்தா இந்நேரம் மேசையில மல்லாந்து படுத்திருப்பேன்!”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

அவள் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்தார். அந்த நிமிஷம் அவர் பொய் சொல்லவில்லை. அவள் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் மனதில் இல்லை. தன் நெஞ்சில் மூன்று அடைப்பு இருப்பதே அந்த நேரத்தில் அவருக்கு மறந்து போயிருந்தது. மறுநாள் காலையில் முன்னறையில் கத்தரி ஓடும் சத்தம் கேட்டபோதுதான், இந்தச் சத்தம் நின்றுவிட்டால் நான் எந்த வீட்டுக்குத் திரும்பி வருவேன் என்று நினைத்துப் பார்த்தார். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஒரு அம்மாள். குள்ளமான உருவம், மிகச் சின்னக் கைகள். இந்தக் கை நெஞ்சுக்குள் போனாலும் இடிக்காது என்று இன்ஸ்பெக்டருக்குத் தைரியம் வந்தது. முதலிலேயே பேசிவிட வேண்டும் என்று, உட்காரும் முன்பே ஆரம்பித்தார்.

“டாக்டர், பயம் நிறைய இருக்கு. வெளியில சொல்லிக்க மாட்டேங்குது. நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்.”

டாக்டர் அவரைக் கனிவோடு பார்த்தார். “பயம் எல்லாருக்கும் இருக்கும். அதை இப்படி வாய்விட்டு சொல்றதே பெரிய விஷயம்.”

வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், பயம், என்று இவர் நினைத்தார்.

டாக்டர் திரையில் படத்தை ஓடவிட்டார். கறுப்புக் கிளைகள் துடித்துத் துடித்து அசைந்தன. ஒரு கிளை தொடங்கும் இடத்திலேயே இறுகி, நூலாகிப் போயிருந்தது. தன்னுடைய படத்தைப் பார்த்தபோது இன்ஸ்பெக்டர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருந்தார். இதை முழுசாகப் பார்த்தார். அவள் இதயம் அல்லவா.

“ஆபரேஷன்ல என்ன பண்ணுவீங்க?”

“அடைப்பை எடுக்க மாட்டோம். அது அங்கேயேதான் இருக்கும். அதைச் சுத்திப் புதுப் பாதை போட்டுவிடுவோம். நெஞ்சுக்கு உள்பக்கமா ஓடற ஒரு ரத்தக்குழாயைத் திருப்பி இதுல சேர்ப்போம். மத்த ரெண்டுக்கும் கால்ல இருந்து ஒண்ணு எடுத்துக்குவோம்.”

“அதனால என்ன லாபம் டாக்டர்?”

“வலி போகும். மூச்சு வாங்காம படி ஏறலாம். எல்லா அடைப்புக்கும் இந்த ஆபரேஷன் தேவைப்படாது. ஆனா இந்த மாதிரி மெயின் குழாய்ல இருந்தா, மாத்திரையோட மட்டும் இருக்கறவங்களைவிட ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க அதிக வருஷம் இருக்காங்க. இதயத்தோட தசை இன்னும் பலமா இருக்கு. ஒரு அட்டாக் வந்து அது கெட்டுப்போறதுக்கு முன்னாடி பண்ணிடறது நல்லது.”

“ஆபத்து?”

“மறைக்க மாட்டேன். நூறு பேர் உள்ள போனா ஒருத்தரோ ரெண்டு பேரோ திரும்பாம போறது உண்டு. சிலருக்கு பக்கவாதம் வரும். ரத்தம் கசிஞ்சு மறுபடி திறக்க வேண்டி வரலாம். கிட்னி சுணங்கலாம், புண்ணுல சீழ் பிடிக்கலாம். துடிப்பு தாறுமாறா ஓடறது நிறைய பேருக்கு வரும், பெரும்பாலும் சரியாயிடும். கொஞ்ச காலம் மறதி இருக்கும். காரணமில்லாம அழுகை வரும். நாங்க போடற புதுக் குழாயும் வருஷக்கணக்குல அடைச்சுக்கலாம். அதனால மாத்திரையும் நடையும் கடைசி வரைக்கும்.”

“அந்த ஒருத்தர் யாருன்னு முன்னாடியே தெரியுமா டாக்டர்?”

அவர் கேட்ட விதத்தில் வீட்டுக்காரி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். டாக்டரும் கொஞ்சம் யோசித்தார்.

“தெரியாது. யாருக்கு அதிக ஆபத்துன்னு ஓரளவு சொல்ல முடியும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. ஆபரேஷன் வேணாம்னு வீட்ல உட்கார்ந்திருக்கற நூறு பேர்ல எத்தனை பேர் போறாங்கன்னு யாருமே என்னைக் கேட்க மாட்டேங்கறாங்க.”

இன்ஸ்பெக்டர் பேச்சை மாற்றினார்.

“இந்த வயசுக்குத் தாங்குமா?” என்று கேட்டார்.

“அம்பத்தெட்டெல்லாம் ஒரு வயசா?”

“அம்பத்திரெண்டு டாக்டர்.”

“இங்க அம்பத்தெட்டுன்னு இருக்கே.”

இன்ஸ்பெக்டர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். கல்யாணத்தப்போ ஆறு வருஷம் குறைத்துச் சொல்லிவிட்டார்களா? மாமனார் நல்ல மனுஷர் ஆயிற்றே. அவள் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, உயிர் ஊசலாடும் நேரத்தில் வயசுக்கு என்ன சண்டை என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

“சிகரெட்டை விட்டு நாலு வருஷம் ஆகுதுன்னு இருக்கு. சரிதானே?” என்றார் டாக்டர்.

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சிகரெட்டா!” என்று மனைவியைப் பார்த்தார். இவளா? வாயில் குண்டூசியைக் கவ்வும்போதே ஒரு தினுசாகத்தான் இருக்கும். ஆனால் எங்கே, எப்போது?

“என்னை ஏன் பார்க்கறீங்க?” என்றாள் வீட்டுக்காரி, ஃபேனிலிருந்து கண்ணை எடுக்காமல். “பத்து வருஷம் முன்னாடியே விட்டாச்சுன்னுதான் நம்ம வீட்ல பேச்சு. நாலு வருஷம்னு எனக்கும் இப்பத்தான் தெரியுது.”

“சரி, சட்டையைக் கழட்டிட்டு அந்தக் கட்டில்ல படுங்க சார்” என்றார் டாக்டர். “நெஞ்சையும் காலையும் ஒரு தடவை பார்த்துடறேன்.”

“நானா?”

“பின்ன?”

திரையில் அந்தக் கறுப்புக் கிளைகள் துடித்துக்கொண்டிருந்தன. நூலாகிப்போன அந்தக் கிளையை இன்ஸ்பெக்டர் இப்போது அடையாளம் கண்டுகொண்டார்.

“நர்ஸ் போன் பண்ணாங்க” என்றாள் வீட்டுக்காரி மெதுவாக. “வீட்ல கேட்டுச் சொல்றேன்னு போனாரு, இன்னும் சொல்லலியே, கேட்டாரான்னு கேட்டாங்க.”

“உனக்குன்னு பொய் சொன்னியே!”

“எனக்குன்னு ஒரு வார்த்தை சொன்னேனா? மூணு அடைப்பாம்னேன். பயமா இருக்குன்னேன். ரெண்டும் நிஜம். நீங்க என் கையில அடிச்சுப் பண்ணின சத்தியமும் நிஜம்.”

டாக்டருக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. முகம் கடினமானது. அவர் வீட்டுக்காரியைப் பார்த்து, “நீங்க பண்ணது சரியில்லம்மா” என்றார். இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். “உங்க மனசார சம்மதம் இல்லாம நான் கத்தியைத் தொட மாட்டேன். நீங்க பண்ணிக் கொடுத்த சத்தியம் உங்க வீட்டுக்குள்ள. இங்க அது செல்லாது. வேணாம்னாலும் நீங்க போகலாம்.”

இன்ஸ்பெக்டர் எழுந்து வெளியே வந்துவிட்டார். கோபம் கோபமாக வந்தது. நடைபாதையின் கோடியில் ஒரு பெஞ்சு. வேறு இடமில்லாததால் அதிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் எதிரே இருப்பது ஆபரேஷன் தியேட்டர் கதவு என்று பார்த்தார்.

வீட்டுக்காரி வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

“எனக்கு சாக பயம் இல்ல” என்றார் அவர்.

“தெரியும்.”

“அண்ணன் போனப்போ அண்ணி என் கையைப் பிடிச்சாங்க. அந்த மாதிரி நீ ஒரு பெஞ்சுல உட்கார்ந்து... யார் கையைப் பிடிப்ப நீ? அதுக்குத்தான் சொல்லல.”

அவள் அழுதாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே பேசினாள்.

“நீங்க ஏதோ ஒரு கட்டடத்துல மாடிப் படியில விழுந்தா? அங்க எனக்கு உட்கார பெஞ்சு போட்டு வெச்சிருக்காங்களா? யாரோ ஒரு வாட்ச்மேன் போன் பண்ணுவாரு. நான் பாதி தைச்ச துணியை மிஷின்ல அப்படியே விட்டுட்டு ஓடி வரணும். வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். அதைவிட இந்தப் பெஞ்சு எனக்கு பரவாயில்லங்க.”

இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெஞ்சுல உட்கார்றது என் வேலை. அதை நான் பார்த்துக்கறேன். உள்ள போய் படுக்கறது உங்க வேலை. உங்க வேலையை மட்டும் நீங்க பாருங்க.”

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

“இங்க இல்ல” என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டே. “உள்ள போய்.”

ஆபரேஷன் அன்று வீட்டுக்காரியோடு பெஞ்சில் உட்கார அவளுடைய தம்பி வந்திருந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல், கையை அவள் பக்கமாக விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அப்படி உட்காரச் சொன்னவர் இன்ஸ்பெக்டர். தள்ளுவண்டியில் போகும்போது மச்சானைக் குனியச் சொல்லி அவன் காதில் சொல்லிவிட்டுப் போனார். மனைவிக்கு அவர் கையைத் தூக்கிக் காட்டவில்லை. வரேன் என்றும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

வந்தார்.

கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய், நெஞ்சுக்குள் குழாய், கழுத்தில் குழாய். யாரோ தன்னைக் கொண்டு ஒரு கட்டடத்துக்குத் தண்ணீர் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். வீட்டுக்காரி முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து கட்டிலோரம் நின்றாள். கண் மட்டும்தான் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

டாக்டர் சொன்ன ஆபத்துகளில் இரண்டு அவரைத் தேடி வந்தன. ஒருநாள் துடிப்பு தாறுமாறாக ஓடியது. பக்கத்தில் இருந்த மெஷின் கத்தியது, நர்ஸுகள் ஓடி வந்தார்கள். நெஞ்சுக்குள் ஒரு லிஃப்ட் எந்த மாடியிலும் நிற்காமல் மேலும் கீழும் போய் வருவது போல இருந்தது அவருக்கு. அந்த ஒருத்தர் நான்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஆச்சரியம், பயம் வரவில்லை. வெளியே அவள் பக்கத்தில் மச்சான் இருக்கிறான் என்பது மட்டும் ஞாபகத்தில் இருந்தது. மருந்து ஏற ஏறத் துடிப்பு அடங்கி ஒழுங்குக்கு வந்தது.

இன்னொன்று அழுகை. தண்ணீர் கொடுத்தால் அழுதார். ஜன்னலைத் திறந்தால் அழுதார். படுக்கை விரிப்பை மாற்ற வந்த பெண்மணி, “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டதற்குத் தேம்பித் தேம்பி அழுதார்.

“எதுக்குங்க அழறீங்க?”

“தெரியல.”

“சரி, அழுங்க. டாக்டர் சொல்லியிருக்காங்க” என்று வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து, காலில் போட்டிருந்த தையலைப் பார்த்தாள். “நெஞ்சுல நேரா போட்டிருக்காங்க. கால்லதான் கொஞ்சம் கோணல். பரவாயில்ல, பேன்ட்டுக்குள்ள தெரியாது.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் நெஞ்செலும்பு விண்ணென்று தெறித்தது. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். தும்மலுக்கும் அதேதான், இருமலுக்கும் அதேதான். கொஞ்சம் கொஞ்சமாக நடந்தார். பிறகு, பக்கத்தில் நின்ற நர்ஸின் தோளைப் பிடிக்காமல் ஒரு மாடி ஏறினார். மேலே போய் நின்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். தையல் வலித்தது. இரும்புப் பாளம் இல்லை. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அப்போது வந்த அழுகைக்குக் காரணம் அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இன்ஸ்பெக்டருக்குப் பழைய மிடுக்கு திரும்பியது. மச்சான் ஒரு காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

“இங்க பாரும்மா” என்றார். “ஒரு தடவை ஏமாந்துட்டேன். உயிர் பிழைச்சேன், அது வேற விஷயம். ஆனா இனிமே என் விஷயத்துல முடிவு எடுக்கறது நான்தான்.”

“சரிங்க.”

அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சூட்டோடு சூடாக ஒரு முடிவை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

“முன் சீட்ல உட்காரப்போறேன்.”

“உட்காருங்க. உங்க முடிவுதான்” என்றாள் அவள். “முன்னாடி பலூன் இருக்காம். பிரேக் போட்டு லேசா எங்கயாவது இடிச்சா அது வெடிச்சு வந்து நெஞ்சுல அடிக்குமாம். எலும்பு கூடற வரைக்கும் யாரும் முன்னாடி உட்கார மாட்டாங்களாம். நர்ஸ் சொன்னாங்க. நீங்க யோசிச்சு முடிவு பண்ணுங்க. பின்னாடின்னா காலை நீட்டிக்கலாம். முழு சீட்டும் உங்களுக்கே.”

இன்ஸ்பெக்டர் யோசித்தார்.

“பின்னாடியே உட்கார்றதுன்னு முடிவு பண்ணிட்டேன்” என்றார்.

“நல்ல முடிவுங்க.”

மச்சான் கையைக் கொடுத்து ஏற்றிவிட்டான். காலை நீட்டி, தலையணையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வசதியாகச் சாய்ந்த பிறகுதான் இன்ஸ்பெக்டருக்குத் தன் பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடமில்லை என்பது தெரிந்தது.

“நீ எங்க உட்காருவ?”

“முன்னாடிதான்” என்று கதவைச் சாத்தினாள் வீட்டுக்காரி. “வண்டிக்கு யாராவது வழி சொல்லணும்ல?”